பதினேழாம் குகையில் என் வேட்டி

டிக்கெட்டக் காட்டுங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க, நான் டி.டி.ஆர் கிடையாது. கேட்டுத் தெரிஞ்சுக்கறது என் பழக்கம். முப்பத்தெட்டா? அது மேல் பெர்த்து. பரவால்ல, கீழயே உக்காருங்க. இந்த முப்பத்தாறுக்கு ஆள் வராது. இது என் சம்சாரத்தோட சீட்டு. அவ வரல.

சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. குத்துக்கல்லாட்டம் இருக்கா. ஔரங்காபாத்துல இருக்கா. நான்தான் இங்க இருக்கேன். ஏன்னு நீங்க கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன், ஏன்னா இந்தப் பெட்டியில எங்கூடப் பேச ஆளில்ல. அதோ, அந்தப் பக்கம் ரெண்டு வரிசையா உக்காந்து புளியோதரை சாப்பிடறாங்க பாருங்க, அவங்கெல்லாம் எங்க டூர் ஆளுங்கதான். நேத்து மத்தியானத்திலேர்ந்து ஒருத்தரும் என்ன ஏறெடுத்துப் பாக்கல. டூர் மேனேஜர் துரைக்கண்ணு என் பொட்டலத்த இந்த ஓரத்துல வச்சிட்டு, ஒரு வார்த்த பேசாம போயிட்டான். அவன் மேல எனக்கு முதல் நாள்லேர்ந்தே சந்தேகம்.

சோலாப்பூர்லதானே ஏறினீங்க? அந்த மூட்டையில என்ன? போர்வையா? கொஞ்சம் அமுக்கிப் பாத்துக்கட்டுமா. ஆமா, போர்வைதான். துணி வியாபாரமா? நல்லதாப் போச்சு. துணி தெரிஞ்ச ஆளு ஒருத்தர் எனக்கு வேணும். அது அப்புறம் சொல்றேன்.

என் பேரு ஏகாம்பரம். ஊரு அரக்கோணம். வணிகவரி இலாகா, ஆந்திரா பார்டர்ல செக்போஸ்ட்டு. இருபத்தெட்டு வருஷம் லாரி புடிச்சவன் சார் நான். மேல தவிட்டு மூட்ட இருக்கும், கீழ எண்ணெ டின்னு இருக்கும். டிரைவர் எறங்கி வர்ற நடையிலயே சொல்லிடுவேன், பேப்பர்ல இருக்கறது வேற, வண்டியில இருக்கறது வேறன்னு. கூட வேல பாத்தவங்க எனக்கு மோப்பம்னு பேரு வச்சிருந்தாங்க. நேரா சொல்ல மாட்டாங்க, ஆனா எனக்குத் தெரியும். என்னத் தாண்டி ஒரு மூட்ட போனதில்ல. அப்பேர்ப்பட்டவன் வீட்டுக்குள்ளயே கடத்தல் நடந்திருக்கு. நடத்தினது யாரு? எட்டாங்கிளாஸ் படிச்ச என் சம்சாரம் லோகநாயகி.

முதல்லேர்ந்து சொல்றேன், அப்பதான் உங்களுக்குப் புரியும்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, யமுனா. புனேவுல வேலைக்குப் போனா. அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு நாள் போன் பண்றா. 'அப்பா, நான் ஒருத்தரக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்'னு. யாருன்னா மராட்டிக்காரன். நம்ம ஜாதி இல்ல, நம்ம சாமியும் இல்ல, புத்தரக் கும்பிடற குடும்பமாம். உத்தியோகம் என்னன்னா, வர்றவங்களுக்கு ஊரச் சுத்திக் காட்டறானாம்! அதுவும் ஒரு உத்தியோகமா சார்? ஒரே வார்த்ததான் சொன்னேன். 'இனிமே இந்த வீட்டு வாசப்படிய மிதிக்காத.' போட்டோ அனுப்பினா, பாக்கல. அவன் பேரச் சொல்ல வந்தா, கேக்கல. என் போன் நம்பரையே மாத்திட்டேன். வீட்டுல அவ பேச்ச எடுக்கக் கூடாதுன்னு லோகுகிட்ட சொன்னேன். அவளும் எடுக்கல. அஞ்சு வருஷத்துல ஒரு தடவ எடுக்கல. அங்கயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். பெத்தவ அழாம இருக்கான்னா, அவளுக்கு எங்கியோ ஒரு வழி தொறந்திருக்குன்னுதானே அர்த்தம்? எனக்கு அது தோணல. நல்ல பொம்பள, சொன்னா கேக்கறான்னு நெனச்சிட்டேன்.

போன ஐப்பசி மாசம் என் வேட்டி ரெண்டு காணாமப் போச்சு.

சிரிக்காதீங்க. துணிக்காரர் நீங்களே சிரிச்சா எப்படி? அதெல்லாம் நான் டூட்டிக்குக் கட்டிட்டுப் போன வேட்டி இல்ல, வீட்டுல கட்டறது. பதினஞ்சு வருஷம் தொவச்சித் தொவச்சி மெத்துன்னு ஆகிடுச்சு. கட்டியிருக்கறதே தெரியாது. மூலையில சலவக்காரர் போட்ட குறி இருக்கும். ஒரு கோடு, கீழ மூணு புள்ளி. சேங்கொட்ட மை. எத்தன வெளுப்பு வெளுத்தாலும் போகாது. எங்க ஊர்ல ஒரு கோடு மூணு புள்ளின்னா ஏகாம்பரம் வீடு, வேற ஆளு கிடையாது.

'லோகு, வேட்டி எங்க?'ன்னேன். 'கிழிஞ்சி போச்சு, கரித்துணியாக்கிட்டேன்'னா. கரித்துணியக் காட்டுன்னேன். காட்டினா. பாத்தா அது என் பழைய லுங்கி! யார்கிட்ட? வேட்டி மாயம், கரித்துணியோ லுங்கி. அப்பவே கணக்குப் போட்டேன். முந்தின நாளு அவ தம்பி கஜேந்திரன் வந்துட்டுப் போனான். வர்றப்ப சப்பையா இருந்த மஞ்சப்பை போறப்ப உப்பியிருந்துச்சு. நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். சரி, திருடன் யாருன்னு தெரிஞ்சிப் போச்சு.

அடுத்த மாசம் அவன் புள்ளைக்குக் காது குத்து. சொந்தக்காரங்க அம்பது பேர் பந்தியில உக்காந்திருக்காங்க. நான் எழுந்து நின்னு கேட்டேன். 'கஜேந்திரா, கட்டியிருக்கறது யார் வேட்டி? மூலையக் காட்டு.' அவன் எலையில கைய வச்சிக்கிட்டு அப்படியே பாக்கறான். அப்புறம் எழுந்து, நாலு மூலையும் காட்டினான். குறி இல்ல. இல்லன்னா என்ன, அன்னிக்கு வேற வேட்டி கட்டியிருக்கலாமில்ல? 'வேட்டித் திருடன்'னு சொல்லிட்டு உக்காந்து பாயசம் சாப்பிட்டேன். அவன் அக்காவத் திரும்பிப் பாத்தான். அவ தலையக் குனிஞ்சிக்கிட்டா. அந்தப் பார்வைய நான் கவனிச்சேன் சார். கவனிச்சி என்ன பிரயோஜனம்?

பொங்கல் முடிஞ்சதும் லோகு கேக்கறா. 'டூர் ஒண்ணு போறாங்களாம். ஷீரடி, எல்லோரா, அஜந்தா. எட்டு நாளு. சமையக்காரரும் கூடவே வராராம், நம்ம சாப்பாடுதான். போலாமா?' முப்பத்திநாலு வருஷத்துல திருத்தணிக்கு மேல எங்கியும் போகணும்னு வாயத் தொறக்காதவ. 'ஷீரடி சரி, அஜந்தாவுல என்ன இருக்கு?'ன்னேன். 'குகை. செவுத்துல படம் போட்டிருக்காங்களாம்'னா. 'நம்ம வீட்டுச் செவுத்துல காலண்டர் மாட்டியிருக்கு, அதப் பாரு'ன்னேன். அவ முகம் சுருங்கிப் போச்சு. அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. அஜந்தா, ஔரங்காபாத்து, புனே, எல்லாம் ஒரே பக்கம். ஆஹா, பொண்ணப் பாக்கப் போறா! என் முதுகுக்குப் பின்னால!

வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஏன்னா சரக்கு எங்க எறங்குதுன்னு தெரியணும்னா லாரிய விட்டுத்தான் புடிக்கணும். அது எங்க இலாகாவுல பால பாடம். அதனால போலாம்னேன். அவ சந்தோஷத்துல ரெண்டு நாள் முறுக்கு சுட்டா.

கெளம்பற அன்னிக்குக் காலையில அவ பையச் சோதன போட்டேன். எதுக்கு சொல்றேன்னா, நான் கோட்ட விட்ட எடம் அதுதான். பொடவ, தைலம், முறுக்கு டப்பா. அடியில ஒரு சின்னப் பொட்டலம். பிரிச்சா வசம்பு. குட்டி குட்டியா நறுக்கி, ஓட்டை போட்டு, கறுப்புக் கயித்துல கோத்து வச்சிருக்கா. 'இது எதுக்கு?' 'போற எடத்துல மூட்டப்பூச்சி இருக்கும். வசம்பு இருந்தா கிட்ட வராது.' 'கயித்துல எதுக்குக் கோத்திருக்க?' 'தொலஞ்சி போகாம இருக்கட்டும்னுதான்.' நியாயமாப் பட்டுச்சு. திருப்பி வச்சிட்டேன். சரக்கக் கையில புடிச்சிட்டு விட்டவன் சார் நான். சின்னக் கொழந்தை கையில கட்டறதுதான் வசம்பு மணின்னு எனக்குத் தெரியாதா? யமுனா கையில நானே கட்டியிருக்கேன். அந்த நேரத்துல மண்டைக்குள்ள மூட்டப்பூச்சிதான் ஓடிச்சு.

ஷீரடி பாத்தோம், எல்லோரா பாத்தோம். நேத்து அஜந்தா. நம்ம பஸ்ஸக் கீழயே நிறுத்திட்டு, வேற பஸ்ல ஏத்தி மல இடுக்குக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க. எறங்கினா படி, படி, படி. அங்க ஒரு கைடு நிக்கறான். முப்பது வயசிருக்கும். வெள்ளச் சட்ட, கழுத்துல அட்ட. 'வணக்கம். எல்லாரும் சாப்ட்டீங்களா?'ன்னு தமிழ்ல கேக்கறான்! எங்க ஆளுங்களுக்குத் தல கால் புரியல. கை தட்டறாங்க. நான் தட்டல. ஒரு மராட்டிக்காரன் எதுக்கு சார் தமிழ் கத்துக்கறான்? தமிழ் ஆளுங்கள ஏமாத்தத்தான்.

'தமிழ் எங்க கத்துக்கிட்ட?'ன்னு கேட்டேன். 'வீட்டுல, அப்பா'ன்னான். கவனிச்சீங்களா? மத்தவங்கள சார்ங்கறான், அம்மாங்கறான். என்ன மட்டும் அப்பாங்கறான். இதுல ஏதோ இருக்குன்னு தோணிச்சு. 'கழுத்து அட்டையக் காட்டு'ன்னேன். எல்லார் முன்னாடியும் கழட்டிக் குடுத்தான். பேரு அனிகேத். போட்டோவப் பாத்தேன், மூஞ்சியப் பாத்தேன். ஒத்துப்போச்சு. திருப்பிக் குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான்.

படி ஏர்றப்ப என் முழங்கையப் புடிக்க வரான். விடுன்னேன். 'முட்டி வலிக்குமே உங்களுக்கு'ங்கறான். எனக்கு முட்டி வலின்னு இவனுக்கு யார் சொன்னது? துரைக்கண்ணு சொல்லியிருப்பான், ரெண்டு பேரும் கூட்டுன்னு முடிவு பண்ணினேன். இந்தப் பக்கம் பாத்தா லோகு முறுக்கு டப்பாவத் தொறந்து அவன்கிட்ட நீட்டறா. எனக்கே நாளைக்கு ரெண்டுக்கு மேல குடுக்காதவ! அவன் ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்கிட்டு, இன்னொண்ண சட்டப் பையில வச்சிக்கறான். யாருக்கோ எடுத்து வைக்கறவனாட்டம்.

ஆனா எனக்கு இவனப் பத்தி யோசிக்க நேரமில்ல. என் வேல பொண்ணப் புடிக்கறது. வர்ற போற பொண்ணுங்க மூஞ்சியெல்லாம் பாத்துக்கிட்டே வரேன். அந்த ஊர்ல ஒரு தொல்ல சார். வெயிலு, தூசுன்னு சொல்லிப் பாதிப் பொண்ணுங்க மூஞ்சியச் சுத்தித் துணி கட்டியிருக்கு. கண்ணு மட்டும்தான் தெரியுது. சோதன பண்ண வழியே இல்ல.

முதல் குகைக்குள்ள செருப்பக் கழட்டிட்டு விட்டாங்க. ஒரே இருட்டு. 'கண்ணு பழகட்டும், ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க'ன்னான் கைடு. இருட்டுல சும்மா நில்லுன்னு சொல்றவன நம்பலாமா? தோள் பைய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு நின்னேன். அப்புறம், பொய் சொல்லக் கூடாது, செவுத்துலேர்ந்து மெல்ல ஒரு ஆளு வெளிய வரான் சார். தலையில கிரீடம், கையில ஒரு தாமரப் பூ. கண்ணு தொறந்திருக்கா மூடியிருக்கான்னே தெரியல, கீழ பாக்கறான். அந்த மாதிரி கண்ண வச்சிக்கிட்டு ஒரு டிரைவர் எறங்கி வந்தா நான் தார்ப்பாய அவுக்காம விட மாட்டேன். ஆனா ரொம்ப நேரம் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். மண்ணு, உமி, சாணி கலந்து பூசி, மேல சுண்ணாம்பு தடவி, ஆயிரத்தைந்நூறு வருஷம் முன்னாடி போட்ட படமாம். அதுல ஒரு நீலம் இருக்கு, கல்ல அரச்சு எடுத்ததாம், அந்தக் கல்லு வேற தேசத்துலேர்ந்து வந்துச்சுன்னான். 'என்ன பேப்பர்ல வந்துச்சு? எந்தச் செக்போஸ்ட்டு வழியா?'ன்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். 'பேப்பர் இல்லாமலே வந்ததுப்பா. நல்லது பேப்பர் இல்லாமயும் வரும்'னான். நக்கல் பாருங்க.

பதினேழாவது குகைக்கு வர்றதுக்குள்ள என் காலு ரெண்டும் கெஞ்சுது. உள்ள போனோம். எங்க கூட்டம் முப்பத்தெட்டு பேரு, அதோட வெளி ஆளுங்க கொஞ்சம். காவக்காரர் ஒரு வெளக்க செவுத்துப் பக்கம் திருப்பிப் புடிச்சார். பெரிய உருவம் ஒண்ணு. புத்தர். செவுரு ஒசரத்துக்கு நிக்கறார். கையில திருவோடு. எதுத்தாப்ல ஒரு வாசல், வாசல்ல ஒரு பொம்பள, ஒரு கொழந்த. ரெண்டும் இத்துனூண்டு.

கைடு கொரல எறக்கிச் சொன்னான். 'இவரு வீட்ட விட்டுப் போனவரு. ரொம்ப வருஷம் கழிச்சு ஊருக்கு வராரு. தன் வீட்டு வாசலுக்கே வந்து நிக்கறாரு. அந்தம்மா கொழந்தைய முன்னால தள்ளி, போ, உங்கப்பாகிட்ட உனக்குச் சேர வேண்டியதக் கேளுங்கறாங்க.' அவனுக்குத் தமிழ் தடுமாறுது. நின்னு, யோசிச்சு, சொல்றான். 'பாருங்க, இவரு எவ்ளோ பெருசு. இவங்க எவ்ளோ சின்னது. ஆனா கையில ஓடு வச்சிருக்கறது இவருதான்.'

என்னையே பாத்துக்கிட்டு சொல்றான் சார். 'என்ன எதுக்குப் பாக்கற? படத்தப் பாத்துச் சொல்லு'ன்னேன். அவன் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். சொல்லப் போனா கூட்டத்துல இருந்தவங்க எல்லாம் என்னப் பாக்கற மாதிரி இருந்துச்சு. லோகு என் பக்கத்துல நின்னு பொடவத் தலப்ப முறுக்கிக்கிட்டிருக்கா.

அப்பதான் பாத்தேன். எனக்கு எடது பக்கம் ஒரு பொண்ணு வந்து நிக்குது. மூஞ்சியில துணி. கையில கொழந்த, வெள்ளத் துணியில சுத்தியிருக்கு. வெளக்கு வெளிச்சம் செவுத்துல பட்டு அந்தத் துணி மேல விழுது. துணியோட மூலை தொங்குது. என் கைக்கு ஒரு சாண் தூரத்துல. ஒரு கோடு, கீழ மூணு புள்ளி.

எனக்கு வேற ஒண்ணுமே கண்ணுல படல சார். அந்தக் குறி மட்டும்தான். பாய்ஞ்சு மூலையப் புடிச்சேன். 'இது என் வேட்டி!'ன்னு கத்தினேன். 'திருட்டு வேட்டி! யார் குடுத்தா உனக்கு?' குகை இல்லயா, நான் ஒரு தடவ கத்தினா அது நாலு தடவ கத்துது. காவக்காரர் விசில் ஊதறார். கொழந்த வீர்னு அழுவுது. அந்தப் பொண்ணு ஒரு கையால மூஞ்சித் துணிய அவுத்துச்சு.

யமுனா.

எளச்சிப் போயிருந்தா. 'ஆமாப்பா. உங்க வேட்டிதான்'னா. அவ்ளோதான் சொன்னா.

லோகு முன்னாடி வந்தா. 'பொறந்த புள்ளைக்குப் புதுத்துணி ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? பெரியவங்க கட்டின துணியிலதான் சுத்தணும். அதுக்குத் தாத்தா உசிரோட இருக்கறப்ப, வேற யார் வேட்டியக் கேட்டு வாங்கி அனுப்பச் சொல்றீங்க? நான்தான் எடுத்தேன். கஜேந்திரன்தான் பார்சல் அனுப்பினான். அம்பது பேர் முன்னால அவன் வாயத் தொறக்கல. மூணு மாசம் ஆச்சு இவ பொறந்து. பாருங்க, உங்க பேத்தி'ன்னா. கைடு வந்து யமுனா பக்கத்துல நின்னான். அந்த நிக்கற விதத்துலயே எனக்கு எல்லாம் புரிஞ்சிப் போச்சு. வீட்டுல தமிழ் கத்துக்கிட்டவன். முட்டி வலி தெரிஞ்சவன். இந்த டூருக்கு இவன்தான் கைடா வரணும்னு லோகுதான் துரைக்கண்ணுகிட்ட சொல்லி ஏற்பாடு பண்ணியிருக்கா. மத்த முப்பத்தேழு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

எல்லாரும் நான் என்ன சொல்லப் போறேன்னு நிக்கறாங்க. என் கையில வேட்டி மூலை. கொழந்த அழுகைய நிறுத்திட்டு என்னப் பாக்குது. கண்ணு ரெண்டும் யமுனா கண்ணுதான்.

நான் சொன்னேன். 'வேட்டியக் குடு.'

அப்படிப் பாக்காதீங்க சார். நீங்களும் அவங்கள மாதிரியே பாக்கறீங்களே. வாயில வேற ஒண்ணும் வரல. சத்தியமா வரல. சரக்கப் புடிச்சா அடுத்த வார்த்த என்னன்னு இருபத்தெட்டு வருஷம் பழகின வாயி. தவிர, அத்தன பேர் சேந்து என்ன முட்டாளாக்கினா எனக்குக் கோவம் வராதா? நீங்களே சொல்லுங்க.

யமுனா கொழந்தையச் சுத்தியிருந்தத அவுத்தா. மடிச்சா. என் கையில வச்சா. உள்ள ஒண்ணுமில்ல சார். இடுப்புல ஒரு கயிறு, அவ்ளோதான். கையில வசம்பு மணி. எப்ப கட்டினாளோ லோகு! அந்தக் கல்லுக்குள்ள ஜில்லுன்னு இருந்துச்சு. கொழந்தைக்கு ஒடம்பு தூக்கிப் போட்டுச்சு. அவன், அந்த அனிகேத்து, சட்டையக் கழட்டி அதச் சுத்தினான். பனியனோட நிக்கறான், கழுத்துல அட்ட தொங்குது. என்னத் திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். 'பாத்து எறங்குங்கப்பா, படி வழுக்கும்'னான்.

லோகுவக் கூப்பிட்டேன், வான்னு. 'உங்க வேட்டி கெடச்சிடுச்சில்ல? எடுத்துட்டுப் போங்க. நான் ஔரங்காபாத்துல இவங்க வீட்டுக்குப் போறேன், வரல'ன்னா. முப்பத்திநாலு வருஷத்துல முதல் தடவ. நான் எறங்கி வந்து பஸ்ல உக்காந்தேன். ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். வருவா வருவான்னு. எல்லாரும் வந்தாங்க. அவ வரல. பஸ்ஸ எடுத்துட்டாங்க.

இதான் நடந்தது. இப்ப சொல்லுங்க, யார் மேல தப்பு? சொல்ல மாட்டீங்க. சரி விடுங்க, உங்கள நம்பி ஒரு காரியம். இந்தத் துணியப் பாருங்க. இதான் அந்த வேட்டி. பாதிதான் இருக்கு, யமுனா ரெண்டா கிழிச்சிருக்கா. கிழிச்ச எடத்த மடிச்சித் தச்சிருக்கா பாருங்க, இது மிஷின் தையலா? கைத்தையலா? கைத்தையல்தானே, நானும் அதான் நெனச்சேன். பள்ளிக்கூடத்துல தையல் கிளாஸ்ல அவளுக்கு எப்பவும் கொறஞ்ச மார்க்கு. இவ்ளோ பொடிசா எப்பத் தைக்கக் கத்துக்கிட்டா?

மோந்து பாருங்க. பரவால்ல, பாருங்க. பால் வாசன. நேத்திலேர்ந்து பைக்குள்ள மூடித்தான் வச்சிருக்கேன், போகல.

இன்னொண்ணு. எனக்கு ராத்திரியிலேர்ந்து ஒரு சந்தேகம். திருட்டுச் சரக்கு கையில கெடச்சா எவனும் முதல்ல என்ன பண்ணுவான்? குறிய அழிப்பான். மூட்டயில மார்க்க சொரண்டுவான், டின்னுல பெயிண்டு அடிப்பான். நான் பாக்காததா? இவ கிழிக்கறப்ப குறி இருக்கற மூலைய வெட்டிப் போட்டிருக்கலாம். வெட்டல. அந்த மூலையக் கொழந்தையோட மூஞ்சிப் பக்கம் வர்ற மாதிரி சுத்தியிருக்கா. யாராயிருந்தாலும் பாக்கட்டும்னு. அப்ப இது திருட்டுச் சரக்கு இல்ல சார். பேரு போட்டு, ஒழுங்கா, சேர வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேந்த சரக்கு. நான்தான் வழியில மறிச்சிப் புடுங்கிட்டேன்.

தப்பாப் புடிச்ச சரக்குக்கு எங்க இலாகாவுல ஒரு முறை உண்டு. ஆள் மூலமா அனுப்பக் கூடாது. புடிச்சவனே கொண்டு போய்க் குடுத்துக் கையெழுத்து வாங்கணும். என் சர்வீஸ்ல எனக்கு அந்த வேல வந்ததேயில்ல.

வண்டி மெதுவாவுது. இது என்ன ஸ்டேஷன்? குல்பர்காவா? எவ்ளோ நேரம் நிக்கும்? இங்கேர்ந்து சோலாப்பூருக்குத் திரும்ப வண்டி உண்டா? அங்கேர்ந்து ஔரங்காபாத்துக்குப் பஸ்ஸு? நெசமாத்தானே சொல்றீங்க? ஒரு நிமிஷம் இருங்க.

ஹலோ. கஜேந்திரா. நான்தான். ஏன், பேசக் கூடாதா? நீ பார்சல் அனுப்பின அட்ரஸ் வேணும். எழுதிக்கறேன், சொல்லு. ம். ம். சின்னத் தெருவா? ம். பெட்டி தனியா வரும், ராத்திரி ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்க. நான் வரல. ஏன்னு கேக்காத. இன்னொண்ணு, அந்த, காது குத்துல நான் ஒண்ணு சொன்னேனே. ஆமா. அது. அதத் திருப்பி எடுத்துக்கறேன். அழுவறியா? எதுக்குடா அழுவற? டேய், டேய், பேரச் சொல்லாத! கொழந்த பேர நீ சொல்லாத. நான் நேர்ல கேட்டுக்கறேன்.

சார், இந்தாங்க சாவி. சீட்டுக்கு அடியில பெட்டி, ரெண்டு பூட்டு, சங்கிலி போட்டிருக்கேன். அரக்கோணத்துல என் மச்சினன் வருவான், ஒல்லியா, மீச வச்சிருப்பான், அவன்கிட்ட குடுத்துடுங்க. உங்க டிக்கெட்டு நம்பர எழுதி வச்சிருக்கேன், ஞாபகம் இருக்கட்டும். உங்க மூட்டயிலேர்ந்து சின்னப் போர்வ ஒண்ணு எடுத்துக்கட்டுமா? அந்த அனிகேத்து போட்டிருந்த ஒரே சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு நின்னான்.

காலக் கொஞ்சம் மடக்குங்க. வழி விடுங்க சார், புள்ளைக்குக் குளிரும்.